குடும்பத்தோடு டென்ட் போட்டுத் தங்க: கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து துணி துவைப்பது வரை

கோடை விடுமுறை பிள்ளைகளுக்குத்தான். வேலைக்குப் போகிற பெற்றோருக்கு அது வழக்கமான வேலைக்கு மேல் வந்து சேரும் இன்னொரு வேலை. டென்ட் போட்டு இரண்டு நாள், குளத்தில் ஒரு நாள், கடற்கரையில் ஒரு நாள், சொந்தக்காரர்கள் கூடும் ஒரு நாள் என்று நாட்காட்டி நிரம்பிவிடும். நடுவில் ஒருவனுக்கு முழங்கால் தேயும், ஒருத்தியைக் குளவி கொட்டும், கார் சாவி டிக்கிக்குள் மாட்டிக்கொள்ளும்.

இந்தச் சில்லறை விபத்துகள் எப்போது நடக்கின்றன என்று கவனித்தால் ஒன்று புரியும். மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும்போது எதுவும் ஆவதில்லை. வீட்டைவிட்டுக் கிளம்பும் அரை மணி நேரம், போய் இறங்கியதும் ஆளுக்கொரு திசையில் ஓடும் நேரம், இருட்டத் தொடங்கும் நேரம், மூட்டை கட்டித் திரும்பும் நேரம் ஆகிய நான்கிலும்தான் ஏதாவது உடைகிறது, தொலைகிறது, அடிபடுகிறது. பெரியவர்களின் கவனம் பொருள்களின் மேல் இருக்கும், பிள்ளைகளின் மேல் இருக்காது என்பதுதான் காரணம். அதனால் இந்த நாலு நேரங்களையும் எப்படி லேசாக்குவது என்பதையே முக்கியமாக வைத்து எழுதியிருக்கிறேன். எங்கே போவது, என்ன பார்ப்பது என்பது உங்கள் விருப்பம்.

முதலில் நாட்காட்டியில் கை வையுங்கள்

கோடை தொடங்கும் முன் எல்லோரும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு ஆசையைச் சொல்லுங்கள். பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. இப்படி வந்த நாலைந்தை மட்டும் தேதி போட்டுக் குறித்துவிடுங்கள். மற்றவை நேரம் கிடைத்தால் பார்த்துக்கொள்ளலாம். வெளியூர் போய்த் தங்கி வரும் ஒவ்வொரு முறைக்கும் அடுத்த நாளைக் காலியாக விடுங்கள். ஞாயிறு இரவு பத்து மணிக்கு வீடு வந்து, திங்கள் காலை வேலைக்கு ஓடுகிறவர் அடுத்த முறை கிளம்பவே மாட்டார்.

டென்ட் புதிது என்றால் முதல் இரவை வீட்டு முற்றத்திலோ, இடமில்லையென்றால் கூடத்திலோ கழியுங்கள். எந்தக் கம்பி எந்த ஓட்டையில் போகும் என்பதும், கடைக்குட்டி ஜிப்பை உள்ளிருந்து திறப்பானா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். முதல் பயணம் வீட்டிலிருந்து ஒன்றிரண்டு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கட்டும். நடு இரவில் காய்ச்சல் வந்தால் மூட்டை கட்டித் திரும்பிவிடலாம் என்ற தைரியமே பாதி நிம்மதி.

இடம் பார்ப்பது

கழிப்பறை, குடிதண்ணீர், நெருப்பு மூட்ட அனுமதி, பக்கத்து மருத்துவமனை, செல்போன் சிக்னல் ஆகிய ஐந்தையும் முன்பே விசாரியுங்கள். வறண்ட காலத்தில் பல இடங்களில் நெருப்புக்குத் தடை இருக்கும். இரவுச் சமையலுக்கு நெருப்பையே நம்பித் திட்டமிட்டிருந்தால் பட்டினிதான்.

போய்ச் சேர்ந்ததும் சமமான, கொஞ்சம் மேடான தரையைத் தேடுங்கள். காய்ந்து கிடக்கும் ஓடைப் படுகை பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் எங்கோ மேலே பெய்த மழை இரவோடு இரவாக அதில் இறங்கி வரலாம். அண்ணாந்து பாருங்கள்: பட்ட கிளை தொங்கினால் அந்த மரத்தடி வேண்டாம். தனியாக நிற்கும் உயர்ந்த மரத்தடியும் வேண்டாம். காலை வெயில் எந்தப் பக்கமிருந்து வரும் என்றும் கணித்துக்கொள்ளுங்கள். கிழக்கே நிழல் இருந்தால் பிள்ளைகள் இன்னும் ஒரு மணி நேரம் தூங்குவார்கள், நீங்களும் தூங்கலாம். தண்ணீர்க் கரையை ஒட்டிப் போடாதீர்கள். கொசுத் தொல்லை ஒரு பக்கம். விடியலில் உங்களுக்கு முன்னே எழுந்துவிடும் மூன்று வயதுக்காரரை நினைத்தால் இன்னும் பெரிய காரணம் கிடைக்கும்.

டென்டும் படுக்கையும்

பெட்டியில் ‘நாலு பேருக்கு’ என்று போட்டிருந்தால், நாலு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்று பொருள். பைகளுக்கு அதில் இடமில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு ஆறு பேர் டென்ட்டே சரி. துணியின் நீர் தாங்கும் திறனை மில்லிமீட்டரில் குறித்திருப்பார்கள். மேல் உறைக்கு 1500 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள். தரைத்துணிக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் முழங்காலை ஊன்றும் அழுத்தமெல்லாம் அதன் மேல்தான் விழுகிறது.

கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்ட்டின் தரையைவிடச் சுற்றிலும் ஒரு கை அகலம் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலே விழும் மழையெல்லாம் அதில் வழிந்து டென்ட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். பெரிய தார்ப்பாய் என்றால் ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள்.

முளை ஆணியின் தலை டென்ட்டைவிட்டு விலகிச் சாய்ந்து, கூர்முனை டென்ட்டின் பக்கம் போகுமாறு சுமார் 45 பாகையில் அடியுங்கள். நேராக அடித்தது ஒரு பலத்த காற்றில் பிடுங்கிக்கொள்ளும். இழுத்துக் கட்டிய கயிறுகளில் வெள்ளைத் துணிக் கிழிசலோ பளிச்சென்ற ரிப்பனோ கட்டிவிடுங்கள். இருட்டில் ஓடும் பிள்ளையின் கணுக்கால் உயரத்தில்தான் அந்தக் கயிறு இருக்கும்.

விடிந்ததும் டென்ட்டின் உட்புறத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்த்து, துணி ஒழுகுகிறது என்று பலர் கடைக்காரரைத் திட்டுவார்கள். பெரும்பாலும் அது நாம் இரவெல்லாம் விட்ட மூச்சின் ஈரம். குளிர்கிறது என்று காற்றுத் துவாரங்களை மூடினால் இன்னும் கூடும். மழை பெய்தாலும் மேல் துவாரத்தைத் திறந்தே வையுங்கள்.

படுக்கையில் செலவு செய்வதென்றால் கீழே போடுவதற்குச் செய்யுங்கள். மேலே எத்தனை போர்த்தினாலும் உடம்பின் பாரத்தில் நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்காது. தரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சாதாரணக் காற்று மெத்தை சுகமாக இருக்கும், ஆனால் உள்ளே காற்று சுழல்வதால் குளிர் இரவில் கைவிடும். அதன் மேல் ஒரு தடித்த விரிப்பு போடுங்கள். படுக்கைக்கென்று ஒரு ஜோடி உலர்ந்த உடுப்பு தனியே இருக்கட்டும். பகலில் வேர்த்து ஈரமான சட்டையோடு படுத்த பிள்ளைதான் மூன்று மணிக்கு எழுந்து அழும்.

மூட்டை கட்டுவது

ஒரு பிளாஸ்டிக் பெட்டியை எப்போதும் தயாராக நிரப்பி வைத்துவிடுவதுதான் வேலை குறைய ஒரே வழி. தலையில் மாட்டும் டார்ச், மாற்று பேட்டரி, முதலுதவிப் பை, கத்தி, கயிறு, அகலமான ஒட்டு டேப், மூடிய டப்பாவில் தீப்பெட்டி, குப்பைப் பைகள், விசில்கள், ஒரு சின்னத் துடைப்பம். துடைப்பத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். டென்ட்டுக்குள் மணல் ஏறிய முதல் மாலையில் ஆளுக்காள் அதையே கேட்பார்கள். சாமான் பட்டியலை மூடியின் உட்புறம் ஒட்டுங்கள்.

பிள்ளைகளின் உடைகளை ஒரு நாளைக்கு ஒரு கவர் என்று பிரித்து வையுங்கள். உள்ளாடை, காலுறை எல்லாம் அந்தக் கவருக்குள்ளேயே. அப்புறம் காலையில் யாரும் உங்களை எதுவும் கேட்க வேண்டியதில்லை. காலுறை மட்டும் கணக்குப் பார்க்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். போனதும் முதலில் தேவைப்படுபவை (டென்ட், டார்ச், தண்ணீர், ஈரத் துடைப்பான்) காரில் கடைசியாக ஏற வேண்டும்.

சாப்பாடும் தண்ணீரும்

முதல் ராத்திரிச் சாப்பாட்டை வீட்டிலேயே செய்து எடுத்துப் போங்கள். இறங்கிய களைப்பில், பசித்த பிள்ளைகள் காலைச் சுற்ற, புது இடத்தில் அடுப்பு மூட்டுவதுதான் கை சுடும் நேரம்.

ஐஸ் பெட்டியை முந்தைய இரவே உள்ளே ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். பெரிய கட்டி, சின்னத் துண்டுகளைவிட மெதுவாகக் கரையும். பாட்டில்களில் தண்ணீரை உறைய வைத்து அடுக்கினால் கரைந்த பிறகு குடிக்கவும் ஆகும். முடிந்தால் இரண்டு பெட்டி: ஒன்றில் குடிப்பவை, இன்னொன்றில் சாப்பாடு. ஜூஸுக்காகப் பிள்ளைகள் கால் மணிக்கு ஒருமுறை திறக்கும் பெட்டியில் பாலும் இறைச்சியும் தாங்காது. பச்சை இறைச்சியை நன்றாகக் கட்டி அடியில் வையுங்கள். 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில்தான் உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான்.

ஓடை நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து 1 நிமிடம். 2000 மீட்டருக்கு மேல் உயரமான இடத்தில் 3 நிமிடம்.

கிளம்பும் காலை

கதவைப் பூட்டும் முன் ஒவ்வொரு பிள்ளையையும் செல்போனில் ஒரு படம் எடுங்கள், செருப்பு வரை தெரிய வேண்டும். பிள்ளை தொலைந்தால் ‘என்ன கலர் சட்டை’ என்று கேட்கிறவருக்குப் பதற்றத்தில் பதில் வராது, படத்தைக் காட்டலாம். உங்கள் எண்ணை மணிக்கட்டுப் பட்டையில் எழுதிக் கட்டிவிடுங்கள். போகும் இடத்தின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்குமாறு முன்பே இறக்கி வையுங்கள். மாற்றுச் சாவி இன்னொரு பெரியவரின் சட்டைப் பையில் இருக்கட்டும். பைக்குள் போட்டால் அந்தப் பையும் டிக்கிக்குள் போய்விடும்.

வண்டியில் வாந்தி வருகிற பிள்ளைக்குப் புத்தகமும் செல்போனும் கொடுக்காதீர்கள். தூரத்து அடிவானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியை இறக்கிக் காற்று விடுங்கள். மடியில் ஒரு மூடியுள்ள டப்பா இருந்தால் போதும். ஓட்டையுள்ள பிளாஸ்டிக் பைதான் எப்போதும் கைக்கு அகப்படும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஒரு நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 10 நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியை லேசாக இறக்கி வைப்பதால் பெரிதாக எதுவும் மாறாது. தூங்குகிற பிள்ளை பின்னால் இருந்தால் உங்கள் கைப்பையையும் பின்னிருக்கையிலேயே வையுங்கள். இறங்கும்போது திரும்பிப் பார்த்தே ஆக வேண்டும்.

இறங்கியதும் முதல் அரை மணி

டிக்கியைத் திறக்கும் முன் பிள்ளைகளோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். இந்தப் பாறை வரை, அந்த வேலி வரை, தண்ணீர்ப் பக்கம் பெரியவர் இல்லாமல் கூடாது என்று காலால் நடந்து காட்டிய எல்லை மனதில் நிற்கும். வழி தெரியாமல் போனால் தேடி அலையாமல் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும், விசிலை மூன்று முறை ஊத வேண்டும் என்பதையும் சொல்லி ஒருமுறை ஊத வையுங்கள். ஒருமுறை என்றால் பத்து முறை ஊதுவார்கள். பரவாயில்லை.

அப்புறம் வேலையைப் பிரியுங்கள். ஒரு பெரியவர் டென்ட், ஒரு பெரியவர் பிள்ளைகள். ‘ரெண்டு பேரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். வெளிச்சம் போக இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது போய்ச் சேருமாறு கிளம்பிவிட்டால் இந்த அரை மணி நேரம் சண்டையில்லாமல் கழியும்.

வெயிலில் இறங்கும் 15 நிமிடத்துக்கு முன்னால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத சன்ஸ்க்ரீன் தடவுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி. காதின் மேல் விளிம்பு, பின்கழுத்து, பாதத்தின் மேல்பக்கம் ஆகிய மூன்றையும் எல்லோரும் மறக்கிறார்கள். 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் முழுக்கைச் சட்டையும் போதும். கொசு மருந்து பூசுவதாக இருந்தால் சன்ஸ்க்ரீனுக்குப் பிறகு. பிள்ளைகளின் உள்ளங்கையில் வேண்டாம், வாய்க்கும் கண்ணுக்கும் போய்விடும்.

தண்ணீரில் இறங்கும் நாள்

மூழ்குகிறவர் கையை வீசிக் கத்துவார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் சத்தமே வராது. மூச்சுக்குத் தவிக்கும் வாயால் கூப்பிட முடியாது. அதனால் சின்னப் பிள்ளைகள் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பெரியவர்கள் பலர் இருந்தால் கால் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள், முறையில் இருப்பவர் செல்போனை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். காற்றடைத்த வளையம் விளையாட்டுப் பொருள். உயிர் காக்கும் மேற்சட்டை வேறு. கடலில் உள்ளிழுக்கும் நீரோட்டத்தில் மாட்டினால் கரையை நோக்கி முட்டி மோதாமல், கரைக்கு இணையாக நீந்தி அந்த ஓட்டத்தைவிட்டு வெளியே வந்த பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும்.

இருட்டும்போது

ஆளுக்கொரு டார்ச்சைக் கழுத்திலோ தலையிலோ மாட்டிவிட்டு, எல்லோரையும் ஒருமுறை கழிப்பறைக்கு அழைத்துப் போய் வந்துவிடுங்கள். கழிப்பறை இல்லாத இடம் என்றால் நீர்நிலையிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி மூட வேண்டும்.

டென்ட்டுக்குள் தின்பண்டம் வேண்டாம். பற்பசைகூட வாசனைதான், எலியோ எறும்போ அதைவிடப் பெரியதோ, மோப்பம் பிடித்து வருவதற்கு அது போதும். எல்லாவற்றையும் மூடிய பெட்டியில் போட்டுக் காருக்குள் வையுங்கள்.

கேஸ் அடுப்பு, கரி அடுப்பு எதையும் குளிருக்காகக்கூட டென்ட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். அணைந்ததுபோலத் தெரியும் கரியிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமும் மணமும் இல்லாத வாயு அது, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

நெருப்பை அணைக்க மண்ணைப் போட்டு மூடுவது தப்பு. உள்ளே தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், காலையில் வெறுங்காலோடு வருகிறவர் மண்மேடு என்று நினைத்து மிதிப்பார். தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் அணையவில்லை.

இடி, மின்னல்

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்க ஆகும் ஒவ்வொரு 3 வினாடிக்கும் மின்னல் ஏறக்குறைய 1 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள்ளோ, இரும்புக் கூரையுள்ள காருக்குள்ளோ போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். டென்ட் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு இறங்கலாம். இதற்காகவே காரில் ஒரு சீட்டுக்கட்டு கிடக்கட்டும்.

அடி, கடி, காயம்

சூடு பட்டால் 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரில் காட்ட வேண்டும். ஐஸ், பற்பசை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். 20 நிமிடம் என்பது கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்கு ரொம்ப நீளம். மூன்றாவது நிமிடத்தில் பிள்ளை அழுகையை நிறுத்தும், ஐந்தாவதில் போதும் என்று கையை இழுக்கும். ஒரு கதையைத் தொடங்கிவிடுங்கள். வீங்கும் முன் மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். சமையலறை பிளாஸ்டிக் தாளால் லேசாக மூடலாம். முகம், கை, மூட்டு என்றாலோ, கொப்புளம் பெரிதென்றாலோ மருத்துவரிடம் போங்கள்.

தேனீ கொட்டினால் கொடுக்கை எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நகத்தாலோ அட்டையாலோ சுரண்டி எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை வையுங்கள். உதடு, நாக்கு வீங்கினாலோ, மூச்சு இரைந்தாலோ காத்திருக்காதீர்கள். அவசர உதவியைக் கூப்பிடுங்கள். ஒவ்வாமைக்கான ஊசி வைத்திருப்பவர் என்றால் உடனே போட வேண்டும்.

உண்ணி கடித்துத் தொங்கினால் எண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மேலே இழுங்கள். தேதியைக் குறித்து வைத்து, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுந்து நிலைப்பல் முழுதாகக் கழன்றுவிட்டால் வேரைத் தொடாமல், கடிக்கும் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். அழுக்கிருந்தால் லேசாக அலசி, முடிந்தால் அதே குழியில் பொருத்திக் கடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு அரை மணிக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். விழுந்தது பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது. மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க வைப்பது பழைய பழக்கம். முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பதே சரி. பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது எதுவும் வேண்டாம். ஆளை அசையாமல் வைத்து நேராக மருத்துவமனை.

வெயிலில் சோர்ந்து, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நிழலில் உட்கார வைத்துக் குடிக்கக் கொடுங்கள். ஓஆர்எஸ் பொட்டலம் தீர்ந்திருந்தால் 1 லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டிவிடாதீர்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, தடுமாறினால் அது வெப்பத்தாக்கு: அவசர உதவியைக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள்.

நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஈரமானதும் மாற்றுங்கள். தண்ணீரில் விழுந்த செல்போனை அணைத்து, துடைத்து, காற்றாட வையுங்கள். அரிசிக்குள் புதைத்தால் மாவுத் தூசுதான் உள்ளே போகும்.

திரும்புவது

கடைசி நாள் காலையில் புதிதாக ஒன்றும் சமைக்காதீர்கள். ஒருவர் பிள்ளைகளை நடக்கக் கூட்டிப் போக, ஒருவர் கட்டட்டும். இரண்டும் ஒரே இடத்தில் நடந்தால் ஏதாவது ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிடும். கிளம்பும் முன் எல்லோரும் வரிசையாகக் கைகோத்துத் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு நடை நடந்தால் ஆணி, கரண்டி, மிட்டாய்த் தாள் எல்லாம் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை குளியல். காது மடலின் பின்புறம், அக்குள், முழங்காலின் பின்புறம், தலைமுடி ஓரம் ஆகியவற்றில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அழுக்குத் துணியை நேராகத் துவைக்கப் போடுங்கள். சாப்பாட்டுப் பெட்டியை அன்றே திறந்து காலி செய்யுங்கள். மற்றதெல்லாம் நாளைக்கு.

டென்ட்டை மட்டும் ஈரத்தோடு சுருட்டி வைக்கக் கூடாது, சில நாளில் பூசணம் பிடித்துவிடும், அந்த நாற்றம் போகவே போகாது. காய்ந்ததாகத் தெரிந்தாலும் தையல் ஓரங்களில் ஈரம் இருக்கும். கொடியிலோ நாற்காலிகளின் மேலோ விரித்து, தையலைத் தொட்டுப் பார்த்து, ஒட்டிய மண்ணை உதறிவிட்டுச் சுருட்டுங்கள். ஆணிகளை எண்ணுங்கள். தீர்ந்த பேண்டேஜ், பேட்டரிகளைப் பெட்டியில் நிரப்புங்கள், மூடியில் ஒட்டிய பட்டியலில் ஒருமுறைகூடத் தொடாத பொருளை அடித்துவிடுங்கள், தேடியும் கிடைக்காததைச் சேர்த்து எழுதுங்கள்.